கொஞ்சம் இரைச்சல் கூட்டித் தாருங்கள்

நான் கடுகு தாளித்தால் கோபன்ஹேகனில் கைதட்டுவார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டென்மார்க்குக்கு வந்த முதல் குளிர்காலத்தில், வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, அடுப்பில் எண்ணெய் காய்ந்து, கடுகு படபடவென்று வெடித்து ஓய்கிற நேரத்துக்குச் சரியாக, சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கூட்டமே கைதட்டும். யாரோ விசிலடிப்பார்கள். கண்ணாடி டம்ளர்கள் உரசும். ஒரு பெண் கலகலவென்று சிரிப்பாள். முதல் நாள் கரண்டியோடு விறைத்துப்போய் நின்றேன். இரண்டொரு நாளில் பழகிவிட்டது. கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்து லேசாகத் தலைகுனிந்து நன்றி தெரிவிக்கவும் ஆரம்பித்துவிட்டேன். இவ்வளவு தூரம் வந்த இடத்தில் நம்முடைய சாம்பாருக்கு இத்தனை மரியாதை கிடைக்கும்போது வேண்டாம் என்றா சொல்வது?

ஆனால் ஒரு விஷயம் இடித்துக்கொண்டே இருந்தது. இத்தனை பேர் எந்த வழியாக வந்துபோகிறார்கள்? மாடிப்படியில் ஒரு செருப்புச் சத்தம் கிடையாது. வாசலில் ஒரு கோட்டு கூடத் தொங்கவில்லை. எங்கள் சங்கரன்கோவிலில் பக்கத்து வீட்டுக்கு ஒரு வேன் ஆட்கள் வந்து இறங்கினால், யார், எந்த ஊர், என்ன விசேஷம் என்பதெல்லாம் அரைமணி நேரத்தில் தெருமுனை வரைக்கும் தெரிந்துவிடும். உட்காரப் போட்ட நாற்காலிகளில் பாதி நம் வீட்டு நாற்காலியாக இருக்கும். இங்கே சுவர் கைதட்டுகிறது, கதவு மூடியே இருக்கிறது. பொறுக்கமாட்டாமல் ஒருநாள் போய்க் கதவைத் தட்டினேன். அறுபதை ஒட்டிய ஒரு பெண்மணி திறந்தார். வெள்ளை முடி, கையெல்லாம் பச்சைச் சாயம். மொழி வகுப்பில் படித்துவைத்திருந்த வாக்கியத்தைத் திக்கித் திணறிச் சொன்னேன். “ஹார் டு கெஸ்தர்?” உங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருக்கிறார்களா என்று அர்த்தம்.

அவர் நிதானமாகப் பதில் சொன்னார். “ஆமாம். ஆனால் அவர்களில் முக்கால்வாசிப் பேர் செத்துப்போய்விட்டார்கள்.”

எனக்கு வந்த டேனிஷ் அவ்வளவுதான், ஒருவேளை தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று நின்றேன். அவரோ நான் உள்ளே வர ஆசைப்படுகிறேன் என்று நினைத்துக் கதவை அகலத் திறந்துவிட்டார். வீட்டில் ஓர் ஈ காக்கை இல்லை. ஒரு சோபா, ஜன்னல் நிறையப் பூந்தொட்டிகள், சுவர் முழுக்க இசைத்தட்டுகள். ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. அதிலிருந்துதான் அந்தக் கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது. அவர் பெயர் பிர்கித்தே. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பூக்கடை வைத்திருக்கிறார். என்னுடைய கடுகும் அவருடைய கச்சேரியும் ஒரே நேரத்தில் முடிந்துகொண்டிருந்ததற்குக் காரணம், நாங்கள் இருவரும் ஒரே பேருந்தில் வேலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம் என்பதுதான். ஒரு குளிர்காலம் முழுக்க ஒரே பேருந்தில் பேசாமல் வந்திருக்கிறோம். டென்மார்க்கில் இது நல்ல பழக்கம்.

பிர்கித்தேயிடம் இருப்பவை எல்லாமே ஜாஸ். அதிலும் நேரடிக் கச்சேரிகளில் பதிவான தட்டுகள் மட்டும். ஸ்டுடியோவில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து வாசித்ததை அவர் தொடமாட்டார். “அங்கே என்ன நடக்கப்போகிறது என்று அவர்களுக்கு முன்பே தெரியும், எனக்கு எதற்கு அது?” என்பார். நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே ஏதோ ஒரு பாதாள அறை மதுக்கூடத்தில் பதிவானதைப் போடுவார். பியானோக்காரர் வாசித்துக்கொண்டே வாய்க்குள் முனகுவார். பாஸ் என்கிற பெரிய தந்தி வாத்தியம் தனியாக ஒலிக்கும்போது பின்னால் இரண்டு பேர் சுவாரசியமாக வம்பளப்பார்கள். ஒரு தட்டில், எல்லோரும் மூச்சடக்கிக் கேட்கிற இடத்தில், கல்லாவுக்குப் பக்கத்திலிருந்து தொலைபேசி மணி அடிக்கும். யாரும் எடுக்கமாட்டார்கள். சாக்ஸபோன்காரர் ஒரு நொடி நிறுத்துவார். பிறகு அந்த மணி எந்தச் சுரத்தில் அடித்ததோ அதே சுரத்தைப் பிடித்து, கேலியாக இரண்டு தரம் வாசித்துக் காட்டி, அதையே ஊன்றுகோலாக வைத்துக்கொண்டு எங்கெங்கோ ஏறிப்போவார். நடுவில் வழி தவறிவிடும். தவறிவிட்டது என்பது எனக்கே தெரியும், எனக்கு ஜாஸில் ஆனா ஆவன்னா தெரியாது. டிரம்காரர் ஓர் அடி கொடுத்து அவரை இழுத்துக்கொண்டு வருவார். கூட்டம் சிரிக்கும். எல்லோருக்கும் மேலாக அந்த ஒரு பெண் சிரிப்பாள்.

எத்தனை முறை போட்டாலும் அந்த இடம் வரும்போது நான் சோபாவின் நுனிக்கு வந்துவிடுவேன். இந்தத் தடவை மனுஷன் திரும்பி வராமல் போய்விட்டால்? வந்துவிடுவார், எனக்குத் தெரியும், ஆனாலும் பயம். இந்த மாதிரித் தட்டுகளை இன்னமும் புதிது புதிதாக அச்சடித்து, எங்கள் ஆபீஸில் இருக்கிற சின்னப் பையன்கள் வரைக்கும் வாங்கிக்கொண்டு போவதற்குக் காரணம் அந்தப் பயமாகத்தான் இருக்கவேண்டும். வாசித்தவர்கள் போய்விட்டார்கள், அந்த மதுக்கூடத்தை இடித்திருப்பார்கள், ஆனால் அந்தச் சாக்ஸபோன்காரர் இந்தக் கணத்தில் திண்டாடுகிறார், நாம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருக்கிறோம்.

இதெல்லாம் எனக்கு உடனே பிடிபட்டதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வீட்டில் ஒரு கேசட் இருந்தது. ஏதோ ஒரு வருஷத்து ஆடித்தபசுத் திருவிழாவின்போது, ரத வீதியில் நடந்த நாதஸ்வரக் கச்சேரியை மைக்செட்காரர் பதிவுசெய்து, அப்பாவிடம் ஒரு பிரதி கொடுத்திருந்தார். கல்யாணி ராகம். ஆலாபனை மெதுவாக விரிந்து, மேல் சட்ஜத்துக்குப் போகிறதா இல்லையா என்று போக்குக் காட்டிக்கொண்டிருக்கும்போது, திடீரென்று ஒலிபெருக்கி கரகரக்கும். “இளையரசனேந்தலில் இருந்து வந்திருக்கும் சண்முகத்தாய், சண்முகத்தாய், உங்கள் வீட்டுக்காரர் காணாமல்போய், மைக்செட் பக்கத்தில் அழுதுகொண்டு நிற்கிறார். உடனே வந்து கூட்டிக்கொண்டு போகவும்.” கூட்டம் கொல்லென்று சிரிக்கும். நாதஸ்வரக்காரர் அந்தச் சிரிப்பு அடங்கும்வரை ஒரே சுரத்தில் நின்று, பிறகு மேலே போவார். நானும் அண்ணன் சங்கரும் அந்தக் கேசட்டைக் கேட்டே வளர்ந்தவர்கள். இன்றைக்கும் யார் எங்கே கல்யாணி வாசித்தாலும், அந்த இடம் வந்ததும் எங்கள் இருவருக்கும் சண்முகத்தாய் இல்லாமல் என்னவோ போல இருக்கும். ராகத்தில் ஒரு சுரத்தை விட்டுவிட்டார்கள் என்று தோன்றும்.

அண்ணன் அதைப் போனில் ஏற்றி எனக்கு அனுப்பிவைத்தான். பிர்கித்தேக்குப் போட்டுக் காட்டி, வரிக்கு வரி அர்த்தம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு, “அவள் வந்தாளா?” என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் அதை நான் யோசித்ததே இல்லை. கேசட்டில் அதற்குப் பதில் இல்லை. “தெரியாது” என்றேன். அவர் சோபாவில் சாய்ந்து, கண்ணை மூடி, “எவ்வளவு அருமை” என்றார்.

அப்போதே அவருக்குக் காது போய்க்கொண்டிருந்தது. எனக்குச் சுவரைத் தாண்டி அவ்வளவு தெளிவாகக் கேட்டதற்கும் அதுதான் காரணம். சத்தத்தைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார். முதலில் டிரம்ஸின் மெல்லிய பித்தளைத் தகட்டு ஓசை போயிற்றாம். பிறகு டம்ளர் உரசல். ஒரு சாயங்காலம் தொலைபேசி மணி அடிக்கிற அந்தத் தட்டைப் போட்டுவிட்டு, ஸ்பீக்கரின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “அந்தப் பெண்ணை எனக்குக் கேட்கவில்லை. நீ கேட்டுச் சொல். இன்னும் சிரிக்கிறாளா?” என்றார். சிரிக்கிறாள் என்றேன். சரி என்று தலையாட்டினார். அன்றைக்கு நான் தாளிக்கவில்லை. தயிர்சாதம் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

இதிலே வேடிக்கை என்னவென்றால், நான் பிழைப்புக்காக வந்ததே காதுக் கருவி செய்கிற ஒரு கம்பெனிக்கு. சத்தம் புகாத அறையில் உட்கார்ந்து அந்தக் கருவிகளைச் சோதிப்பது என் வேலை. கூட்டத்துக்கு நடுவே எதிரில் இருப்பவருடைய பேச்சு மட்டும் காதுக்குப் போகவேண்டும், மற்றது எல்லாம் அமுங்கிவிடவேண்டும். தட்டு கழுவுவது, நாற்காலி இழுப்பது, சிரிப்பு, கைதட்டல் எல்லாம் எங்கள் கணக்கில் ‘ஸ்தொய்’. இரைச்சல். அதை அமுக்குவதில் எங்கள் குழு கெட்டிக்காரக் குழு என்று பெயர். நான்தான் பிர்கித்தேயை நச்சரித்துக் காது டாக்டரிடம் அனுப்பினேன். அவருக்குக் கிடைத்ததும் எங்கள் கருவிதான். பெருமையாக இருந்தது, அன்றைக்கு மாலை வரைக்கும்.

கதவை யாரோ உடைப்பதுபோல் தட்டினார்கள். திறந்தால் பிர்கித்தே. உள்ளங்கையில் இரண்டு கருவிகளும் செத்த கரப்பான்பூச்சிகள் மாதிரி கிடந்தன. “உங்கள் கம்பெனி என் ஆட்களைக் கொன்றுவிட்டது!” என்று கத்தினார். “ஏற்கெனவே செத்தவர்கள், கோமதி! அவர்களை இன்னொரு தடவை!” விஷயம் இதுதான். கருவியை மாட்டிக்கொண்டு தட்டைப் போட்டிருக்கிறார். சாக்ஸபோன் தகரக் குழாயில் ஊதியது போல் வந்திருக்கிறது. பாட்டு முடிந்ததும், வழக்கமாகக் கூட்டம் ஆர்ப்பரிக்கிற இடத்தில், மயான அமைதி. எங்கள் கருவி அவ்வளவு கைதட்டலையும் வேண்டாத இரைச்சல் என்று முடிவுகட்டி, ஒரு சொட்டு விடாமல் துடைத்துவிட்டிருந்தது. அதைச் சோதித்து நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டது நான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவரைப் பார்த்தேன். அவர் முதலில் சிரித்துவிட்டார், அப்புறம் நானும்.

மறுவாரம் இரண்டு பேருமாகக் காது கிளினிக்குக்குப் போனோம். கருவியைச் சீர்செய்கிற இளைஞர் ரொம்ப மரியாதையானவர். நான் முந்திக்கொண்டு என் டேனிஷில், “மேர ஸ்தொய், தக்” என்றேன். இன்னும் கொஞ்சம் இரைச்சல் தாருங்கள், நன்றி. அவர் கனிவாகச் சிரித்து, இரைச்சலைக் குறைக்கவேண்டும் என்றால் ‘மேர’ என்று சொல்லக்கூடாது, ‘மின்த்ர’ என்று சொல்லவேண்டும் என்று பாடம் எடுத்தார். இல்லை, மேர. இல்லை அம்மா, மின்த்ர. மேர! பிர்கித்தே மேஜையைத் தட்டினார். “இந்தப் பெண் சரியாகத்தான் பேசுகிறாள்! எனக்கு இருமல் வேண்டும்! டம்ளர் வேண்டும்! முட்டாள் ஒருவன் தப்பான இடத்தில் கைதட்டுவது வேண்டும்!” அந்த இளைஞருடைய அனுபவத்தில் யாரும் வந்து இரைச்சல் கேட்டதில்லையாம். ஆனால் வழி இருந்தது. இரைச்சலை அமுக்குவதை முழுக்க நிறுத்தி, எட்டுத் திசையிலிருந்தும் எல்லாவற்றையும் உள்ளே விடுகிற மாதிரித் தனியாக ஓர் அமைப்பு வைத்துக்கொள்ளலாம். தேவைப்படும்போது போனில் தட்டி மாற்றிக்கொள்ளலாம். இரண்டு மூன்று தடவை போய்வந்து, கூட்டிக் குறைத்து, ஒருவழியாக அது படிந்துவந்தது. அந்தத் தட்டைப் போட்டோம். தொலைபேசி அடித்தது, சாக்ஸபோன் கேலி செய்தது, வழி தவறியது, வந்தது. பிர்கித்தே ஒரு விரலைத் தூக்கிக் காத்திருந்தார். பிறகு, “சிரிக்கிறாள்!” என்று எழுந்து, கையிலிருந்த காப்பியைச் சோபாவில் கொட்டிவிட்டு, அதைத் துடைக்காமலே ஆடினார்.

அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அப்பாவின் நினைப்புதான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் தறிக்கூடம். விசைத்தறி ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேசவேண்டுமென்றாலும் கத்தத்தான் வேண்டும். எங்கள் குடும்பத்தில் அன்பாகப் பேசினாலும் தெருவுக்குக் கேட்கும். (வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆபீஸில் ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, யார்மேல் கோபம் என்று விசாரித்தார்.) வாழ்நாள் முழுக்கத் தறிக்கு நடுவே நின்றதில் அப்பாவின் காது மந்தமாகிவிட்டது. போன தடவை ஊருக்குப் போனபோது எங்கள் கம்பெனிக் கருவியைக் கொண்டுபோய் மாட்டிவிட்டேன். ஒரே நாள்தான். “ஏட்டி, பேச்சு மட்டும் கிணத்துக்குள்ள இருந்து வருது. மத்ததெல்லாம் செத்துக் கெடக்கு. எனக்கு ஒண்ணும் வேண்டாம்” என்று கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டார். அப்பாவுக்குப் பழக்கம் போதவில்லை என்று நான் நினைத்தேன். பிர்கித்தேயும் அதே புகாரைத்தான் சொல்லியிருக்கிறார் என்பது இப்போதுதான் மண்டையில் உறைத்தது.

போன தை மாதம் அண்ணனுக்குக் கல்யாணம். பிர்கித்தேயும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். கடையைப் பூட்டிவிட்டு, பெட்டியில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு, மதுரையில் இறங்கினார். அவர் பெயரை எங்கள் அம்மா இரண்டு தரம் முயன்று பார்த்துவிட்டு, பிருந்தா என்று வைத்துவிட்டாள். மறுநாள் காலையில் அவரைச் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனதுதான் என் தப்பு. கோபன்ஹேகனில் ஒற்றை ஒற்றைத் தண்டாகக் காகிதத்தில் சுற்றி விற்கிற மனுஷி. இங்கே மல்லியும் பிச்சியும் சாக்குச் சாக்காக வந்து சரிவதையும், தராசில் அள்ளிப் போடுவதையும் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். “கிலோவிலா? பூவையா?” என்று என்னைப் போட்டு உலுக்கினார். ஏலம் விடுகிறவர்களின் கூச்சலைக் கருவியில் பதிந்துகொண்டார். ஒரு வியாபாரி, “என்னம்மா, ரேடியோக்காரியளா?” என்று கேட்டு, மைக்கை வாங்கித் தன் கடைக்கு ஒரு விளம்பரமும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தால் இன்னொரு கூத்து. அப்பா அவரைத் தறிக்கூடத்துக்கு அழைத்துப்போனார். பிர்கித்தே தறிச் சத்தத்துக்காகக் காதுக் கருவியைக் கழற்றிப் பையில் போட்டிருந்தார். அப்பாவோ எப்போதும் போல எதையும் மாட்டியிருக்கவில்லை. நான் வாசற்படியில் நின்று கேட்டேன்.

“இது நாப்பதாம் நம்பர் நூலு. ஈரம் பட்டா அறுந்துரும்” என்று அப்பா தமிழில் கத்தினார்.

“டூலிப் தண்டை நிறையத் தண்ணீரில் வைத்தால் அழுகிவிடும்” என்று பிர்கித்தே டேனிஷில் கத்தினார்.

“ஆமா, அதேதான்! பக்குவமாப் பாத்துக்கிடணும்லா!”

“சரியாகச் சொன்னீர்கள்! வெயிலும் ஆகாது!”

ரொம்ப நேரம் இப்படியே போனது. அப்பா வெளியே வந்து, “அந்தம்மாவுக்குத் தறியப் பத்தி நல்ல வெவரம் இருக்கு கேட்டியா” என்றார். பிர்கித்தே என் காதருகே வந்து, “உன் அப்பாவைப் போலப் பூவைப் புரிந்தவரை நான் பார்த்ததில்லை” என்றார். நான் இருவருக்கும் ஆமாம் சொல்லிவிட்டேன். இன்றுவரை அந்த நட்பைக் கெடுக்கவில்லை.

கல்யாணம் கழுகுமலை ரோட்டில் ஒரு மண்டபத்தில். முகூர்த்தம் முடிந்து, தாலி கட்டி, ஜனம் மொத்தமும் பந்திக்கு ஓடிய பிறகுதான் நாதஸ்வரக்காரருக்குக் கொண்டாட்டம். வேலாயுதம் அண்ணாச்சி என்று பெயர், மேலநீலிதநல்லூர்ப் பக்கம். அதுவரை மந்திரத்துக்கும் போட்டோக்காரருக்கும் கட்டுப்பட்டுத் துண்டு துண்டாக வாசித்தவர், காலி நாற்காலிகளைப் பார்த்ததும் தொண்டையைச் செருமி, நிமிர்ந்து உட்கார்ந்து, கல்யாணியை எடுத்தார். மேடையிலிருந்த அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். மாப்பிள்ளைக் கோலத்தோடு ஓடிவந்து மைக்கைப் பிடித்துவிட்டான். “இளையரசனேந்தலில் இருந்து வந்திருக்கும் சண்முகத்தாய், சண்முகத்தாய், உங்கள் வீட்டுக்காரர் மைக்செட் பக்கத்தில் அழுதுகொண்டு நிற்கிறார்!”

பந்தியிலிருந்து ஒரு வயதான அம்மா எச்சில் கையோடு எட்டிப் பார்த்தார். பெண் வீட்டுக்காரர்களில் ஒருவர். “நாந்தான் சண்முகத்தாய், ஆனா குருவிகுளம். எங்க வீட்டுக்காரரு போய்ச் சேந்து எத்தனையோ வருசமாச்சு. இங்கன வந்து நிக்காராக்கும்? எங்க, காட்டு!” என்றார். மண்டபம் அதிர்ந்தது. அந்த அம்மாதான் எல்லோருக்கும் மேலே சிரித்தார். புதுப்பெண் அண்ணனை முறைத்த முறைப்பில் அவன் மைக்கை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். பிர்கித்தே ஒலிப்பதிவுக் கருவியைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்பா மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தார். எல்லோரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல், தானும் ஒரு புன்னகையைப் போட்டுக்கொண்டு. அதை என்னால் தாங்கமுடியவில்லை. அவருடைய கருவியைக் காலையிலேயே பீரோவிலிருந்து எடுத்துச் சார்ஜ் ஏற்றி, பிர்கித்தேக்குச் செய்ததுபோல் எல்லாவற்றையும் உள்ளே விடுகிற அமைப்பை அதிலும் ஏற்றி, கைப்பையில் வைத்திருந்தேன். கேட்க மட்டும் தைரியம் வரவில்லை. மகன் கல்யாணத்தில், சம்பந்தி வீட்டார் முன்னால், வேண்டாம் என்று கத்திவிட்டால்? பிர்கித்தே என் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தன் காதிலிருந்து ஒன்றைக் கழற்றி அப்பாவிடம் காட்டி, மறுபடி மாட்டிக்கொண்டு, நீங்களும் என்று சைகை செய்தார். பூவைப் புரிந்த மனுஷருக்கு அந்த அம்மாவிடம் மறுப்புச் சொல்ல வாய் வரவில்லை. காதை நீட்டினார். மாட்டிவிட்டேன்.

அப்பா தலையை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். “நாக்காலிய இழுக்கானுவ” என்றார். அப்புறம், “எவனோ டம்ளரக் கீழ போட்டுட்டான்.” அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஏட்டி! பந்தியில சாம்பாரு சாம்பாருன்னு கூவுதான், அது கேக்கு! இங்கன இருந்து கேக்கு!” கடைசியாகத்தான் நாதஸ்வரம் பக்கம் திரும்பினார். வேலாயுதம் அண்ணாச்சி மேல் சட்ஜத்துக்குக் கீழே நின்று போக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அப்பா எழுந்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், நேரே தவில்காரருக்கு எதிரே போய் நின்றார். அண்ணாச்சி அவரைப் பார்த்துக்கொண்டே ஏறினார். ஏறி, நின்று, அங்கிருந்து யாரும் எதிர்பாராமல் வேறெங்கோ வழுக்கி விழுந்து, தவில் ஓர் அடியில் தூக்கிவிட, சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தார். அப்பா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். “அண்ணாச்சி! அந்த எடத்த இன்னொரு மட்டம்!” அண்ணாச்சி இன்னொரு மட்டம் வாசித்தார், அதே மாதிரி இல்லை, அதைவிட விபரீதமாக. பிர்கித்தே எப்போது எழுந்து அப்பாவுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தார் என்று தெரியாது. இரண்டு பேரும் கைதட்டினார்கள், தாளத்தில் இல்லை, ஆளுக்கொரு போக்கில். சாம்பார் வாளியோடு வந்தவன் அப்படியே நின்றான். அம்மா, “என்னங்க, சம்பந்தி பாக்காவ!” என்று கத்தியது அப்பாவுக்குத் தெளிவாகக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்துகொண்டார். அந்தச் சாமர்த்தியம் மட்டும் கருவியால் போகவில்லை.

நாங்கள் திரும்பி வந்து கொஞ்ச நாளில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், பிர்கித்தே வீட்டு சோபாவில் உட்கார்ந்து அந்தப் பதிவைக் கேட்டோம். நாற்காலி இழுபட்டது, சண்முகத்தாயம்மா சிரித்தார், சாம்பார்க்காரன் கூவினான். அப்பா இன்னொரு மட்டம் கேட்டார். நாதஸ்வரம் மறுபடி ஏறி உச்சியில் நின்ற அந்த இடத்தில், ஒரு பெண் அடிவயிற்றிலிருந்து கத்தினாள். “அப்படிப் போடுங்க அண்ணாச்சி, அப்படிப் போடுங்க!”

“ஆகா, யார் இது?” என்று பிர்கித்தே துள்ளினார். “என்ன குரல்! உங்கள் சொந்தக்காரியா?”

நான் பதில் சொல்வதற்குள், பதிவில், அந்தக் கத்தலுக்கு அடுத்த மூச்சிலேயே, பணிவான சின்னக் குரலில் யாரோ டேனிஷில் சொன்னார்கள். “அதாவது, இப்படியே தொடர்ந்து வாசியுங்கள் என்று அர்த்தம்.”

“இது நீ” என்றார் பிர்கித்தே.

ஆனால் கல்யாணத்தில் அப்போது அவர் என் பக்கத்தில் இல்லை. அப்பாவோடு தவிலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். நான் ஒரு காலி நாற்காலிக்கு அர்த்தம் சொல்லியிருக்கிறேன். மண்டபத்தில் அத்தனை பேரும் கத்தியதோடு நிறுத்திக்கொண்டார்கள், ஒருத்தி மட்டும் கத்திவிட்டு விளக்கமும் கொடுத்திருக்கிறாள்.

பதிவை அண்ணனுக்கும் அனுப்பியிருந்தேன். சரியாக அந்த நேரத்தில் போன் பண்ணினான். பின்னால் தறி ஓடுகிற சத்தம். “ஏட்டி, நீ கத்துன கத்து இருக்கே, வீடே சிரிக்கி! அப்பா அதையே போட்டுப் போட்டுக் கேக்காவ. அதுக்கு அடுத்தாப்புல ஒரு வெள்ளைக்காரி என்னமோ முனங்குதாளே, அது நம்ம பிருந்தாக்காவா?”

“ரெண்டும் நாந்தாம்ணே” என்றேன்.

தறிச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. “என்னது? யாரு?” என்று கத்தினான். இந்தப் பக்கம் பிர்கித்தே, அந்தச் சத்தம்போட்ட பெண் யார் என்று இன்னும் தெரிந்துகொள்ளாமல், அந்த இடத்தைத் திரும்பப் போட்டார். அறை முழுக்க நான் மறுபடியும் கத்தினேன், மறுபடியும் அர்த்தம் சொன்னேன்.